எதிர்ப்பாட்டுக்குக் காத்திருந்த கதவு

அன்று காலை பேச்சுப் பயிற்சி அறையில் இருந்தவர்கள் இவர்கள்: சக்கர நாற்காலியில் வடிவம்மை, நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் நின்ற கணவர் தாணுலிங்கம், சன்னலோரம் மடியில் பிளாஸ்க்குடன் இருந்த தாணுலிங்கத்தின் அக்கா செண்பகவல்லி, கையில் டேப்லெட்டுடன் பயிற்சியாளர் பெனினா, கதவருகே போட்டிருந்த நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த, வடிவம்மையின் அண்ணன் ஆவுடைநாயகம். வேறு யாரும் இல்லை. "நானும் அங்கனதான் நின்னேன்" என்று பிற்பாடு அம்பாசமுத்திரத்தில் பலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் அங்கே இல்லை.

ஆவுடைநாயகம் பாளையங்கோட்டைக்கு வந்தது ஒரே ஒரு சொல்லைச் சொல்வதற்காக. 'நீக்கு' என்பது அந்தச் சொல். அதை அவர் தம் வாயால் சொல்லிவிட்டால், உலகம் முழுவதும் பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு அன்றோடு இல்லாமல் போகும். அந்தப் பாட்டில் அவர் பெயர் இருந்தது. பெயர் மட்டும் இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார்.

"காப்பி குடிக்கியளா மேலவீட்டவுகளே?" என்று கேட்டாள் செண்பகவல்லி. "இது ஆஸ்பத்திரி. எங்க வீடு இல்ல. இங்க குடிச்சா உங்க கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிராது."

"வேண்டாம்."

"சீனி போடல."

"வேண்டாம்னேன்."

அம்பை என்று ஊரார் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் ஒரே தெருவின் மேற்கு முனையில் இருப்பது ஆவுடைநாயகத்தின் மேலவீடு, கிழக்கு முனையில் இருப்பது தாணுலிங்கத்தின் கீழவீடு. ஆற்றுக்குப் போக வேண்டுமானால் கீழவீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். ஆவுடைநாயகம் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பின்தெரு வழியாகச் சுற்றித்தான் ஆற்றுக்குப் போய்வந்தார். தங்கை மக்களின் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் முறை தவறியதில்லை. சீர்த்தட்டைத் தம் கையாலேயே கொண்டுபோய் வைப்பார். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிடுவார். மின்வாரியத்தில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறிய ஆளைக் கீழே நின்றபடி கண்ணாலேயே வேலைவாங்குவார் என்று பெயர். அவர் சிரித்துப் பார்த்ததாகச் சொல்லும் ஆள் வாரியத்தில் ஒருவரும் இல்லை.

பக்கவாதம் வடிவம்மையின் வலது கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோனது. கை மெல்ல மீண்டது. பேச்சு மீளவில்லை. கேட்பதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும். பேச்சு குடியிருக்கும் பக்கம் அடிபட்டிருக்கிறது, பாட்டு குடியிருக்கும் பக்கம் தப்பியிருக்கிறது, பாட்டின் வழியாகப் பேச்சைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர்கள் அவளை இந்த அறைக்கு அனுப்பினார்கள். இங்கே மருந்து மாத்திரை கிடையாது. சுவர் அகலத்துக்கு ஒரு திரையும், அதில் ஒரு வீடியோ கேமும்தான்.

'கானக்கோட்டை' என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வீடு ஆடும் ஆட்டம்தான், ஆஸ்பத்திரிக்கென்று தனியாகச் செய்ததல்ல. காட்டையும் ஆற்றையும் கடந்து ஒரு கோட்டைக்குள் போக வேண்டும். வாள், துப்பாக்கி எதுவும் கிடையாது, பாட்டுத்தான். மழையை அழைக்க ஒரு பாட்டு, பாறையைப் புரட்ட ஒரு பாட்டு, கரடியைத் தூங்கவைக்க ஒரு பாட்டு. வழியில் ஒரு குருவியோ மரமோ அதைச் சொல்லித்தரும். ஆடுபவர் தன் தொண்டையால் பாட வேண்டும். கழுத்தில் கட்டிய ஒரு பட்டை மூச்சையும் நாடியையும் கேட்டுக்கொண்டிருக்கும். சுதி பிசகினால் ஆட்டம் அதைப் பெரிதுபடுத்தாது. மனதாரப் பாடுகிறாரா என்று மட்டும் பார்க்கும். உதட்டளவில் பாடினால் பாறை அசையாது.

அதோடு இன்னொரு விதியும் உண்டு. ஆடுபவர் தன் வீட்டிலிருந்து எந்தப் பாட்டையும் கொண்டுவரலாம். அது ஆட்டத்தில் எதையாவது அசைத்துவிட்டால் அன்று முதல் அது எல்லாருக்கும் உரிய மந்திரம். உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு குருவி அதைச் சொல்லித்தரும்.

வடிவம்மை மழைப் பாட்டைப் பாடவில்லை. பாறைப் பாட்டையும் பாடவில்லை. பெனினா தானே பாடி அவளைக் கோட்டை வாசல்வரை அழைத்துப்போனாள். வாசலில் கல்லால் ஆன ஒரு காவலன் நின்றான். ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்து எந்த நாட்டுப் பாட்டுக்கும் அசையாதவன். 'சிரிக்காத காவலன்' என்றே அவனுக்குப் பெயர். விறைத்த முதுகும் முறுக்கிய மீசையுமாக நின்ற அவனை வடிவம்மை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நோயில் விழுந்த பிறகு முதல்முறையாக, தட்டாமல், தடுமாறாமல், நாலு வரி முழுசாக வந்தது:

மீசைமுறுக்கு ஆவுடையாம் மேலவீட்டு ராசாவாம்
வான்கோழி வெரட்டையிலே வாரிச்சுருட்டி ஓடினாராம்
வேட்டி ஒரு பக்கமாம் வீராப்பு ஒரு பக்கமாம்
வைக்கப்போரு உச்சியிலே வந்துநின்னு பாருங்கடி!

கல் உதடு துடித்தது. காவலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு கதவு திறந்தது.

அன்று தாணுலிங்கம் பெனினாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். பாட்டு யாரைப் பற்றியது என்ற நினைப்பே அவருக்கு அப்போது வரவில்லை. பாட்டு உலகத்துக்குள் போய்விட்டது என்பது அதன் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஆவுடைநாயகத்துக்கு அது தெரிந்தது சலூனில். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது, அடுத்த நாற்காலிக்காரரின் போனில் ஒரு ஜப்பான்காரி 'வேட்டி ஒரு பக்கமாம்' என்று கொஞ்சு மொழியில் பாடிக்கொண்டிருந்தாள். அவர் பாதிச் சவரத்தோடு எழுந்து வீட்டுக்குப் போனார்.

அந்தப் பாட்டை அவர் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தார். வடிவம்மையின் கல்யாணத்தில், மாலை நலங்கின்போது, செண்பகவல்லி பாடினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்வீட்டாரை ஏசிப் பாடுவதும், பெண்வீட்டார் எதிர்ப்பாட்டுப் பாடுவதும் வழக்கம்தான். அன்று பந்தல் முழுக்கச் சிரித்தது. தகப்பன் இல்லாத தங்கைக்குத் தகப்பனாக இருந்து தாரைவார்த்துக் கொடுத்தவர் ஆவுடைநாயகம். அவர் எழுந்து, "அது வான்கோழி இல்ல. காளை" என்றார். பந்தல் இன்னும் பலமாகச் சிரித்தது. அவர் வெளியே நடந்தார். அவரோடு மேலவீடு மொத்தமும் நடந்தது. தாம்பூலத் தட்டு அப்படியே இருந்தது.

ஆனால் அவரைச் சுட்டது பந்தலின் சிரிப்பு அல்ல. வைக்கோல் போர்ச் சம்பவம் நடந்த அன்று அங்கே இருந்தது அவரும் வடிவும் மட்டுமே. அவருக்குப் பதினேழு வயது, அவளுக்கு ஐந்து. அத்தை வீட்டுக் களத்தில் வான்கோழி அவளைத்தான் முதலில் துரத்தியது. அவர் அவளை அள்ளித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். வலது கெண்டைக்காலில் அதன் அலகு கொத்திய தழும்பு இன்றும் இருக்கிறது. தோளில் இருந்தவள் ஓடியதை மட்டும் சொல்லிவிட்டு, தோளைச் சொல்லாமல் விட்டாள். அதுதான் அவர் கணக்கு. தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று தானே சொல்லிக்காட்டுவது மேலவீட்டுப் பழக்கம் அல்ல. ஆகவே காளை என்றார். அந்தக் காளையைக் கடைசிவரை கைவிடவும் இல்லை.

"சார், கையெழுத்து எதுவும் வேண்டாம்" என்றாள் பெனினா. "பாட்டுல பேர் இருக்கவங்க ஆட்சேபிச்சா எடுத்திருவாங்க. ஆனா அவங்களே நேர்ல, பாட்டு பொறந்த இடத்துல, பட்டையக் கட்டிக்கிட்டுச் சொல்லணும். அது கம்பெனி விதி."

"கட்டு."

"கட்டுறேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிடுறேன் சார். கேட்டுட்டு அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் சம்மதமாகவும் இல்லாமல் மறுப்பாகவும் இல்லாமல் தலையை ஒரு அங்குலம் அசைத்தார்.

"அம்மா இப்போ தண்ணி கேக்காங்க. சாப்பாடு கேக்காங்க. எப்படிக் கேக்காங்க தெரியுமா? அந்தப் பாட்டு மெட்டுல. 'தண்ணி ஒரு செம்பு வேணும்'னு அந்த மெட்டுல வெச்சாத்தான் வருது. கோட்டைக்குள்ள ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு எடம் இருக்கு. கெணத்துக்கிட்ட போனா தண்ணி, அடுப்புக்கிட்ட போனா சோறு. அந்த எடமெல்லாம் பாட்டோட சேந்தது. பாட்டை எடுத்தா எல்லாம் இருண்டு போகும். வாசல்ல இருந்து மறுபடி தொடங்கணும்."

"வேற பாட்டுல தொடங்குங்க. தேவாரம் இருக்கு, திருப்புகழ் இருக்கு. என் தங்கச்சி நல்லாப் பாடுவா."

"எல்லாம் பாடிக் காட்டியாச்சு. வாயே தொறக்கல சார்."

"என் பேரை மட்டும் மாத்தக்கூடாதா?"

"மாத்திப் பாத்தேன். 'முத்தையா'ன்னு போட்டுச் சொல்லிக்குடுத்தேன். அம்மா என்ன அடிக்கக் கை ஓங்கிட்டாங்க."

சன்னலோரம் செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாணுலிங்கம் முன்னால் வந்தார். அதிர்ந்து பேசியறியாத மனிதர். "அத்தான், உங்க முன்னால நின்னு நான் எதுவும் கேட்டதில்ல. அவளுக்கு மிச்சம் இருக்கது அந்த நாலு வரிதான்."

"அந்த நாலு வரியில இருக்கது என் மானம்."

"அது தெரியும் அத்தான். பந்தல்ல அத்தன பேரும் உங்களப் பாத்து அப்படிச் சிரிச்சது தப்புத்தான்."

"உங்க அக்கா இருக்காவ. அவுகளச் சொல்லச் சொல்லுங்க, தப்புன்னு."

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள் செண்பகவல்லி. "ஏசல்னா ஏசத்தான் செய்வாவ. அதுக்குத் தாலாட்டா பாடுவாவ? உங்களுக்கும் வாய் இருந்துச்சுல்லா? எதிர்ப்பாட்டுப் பாடியிருக்கணும். வாய் இல்லாதவுக மாதிரி எந்திரிச்சுப் போனிய. என் பாட்டு அன்னையில இருந்து அந்தரத்துல நிக்கி."

"நான் வாய் இல்லாதவனா?"

"நான் சொல்லல. ஊர் சொல்லுச்சு."

"பட்டையக் கட்டும்மா" என்றார் ஆவுடைநாயகம் பெனினாவிடம்.

பட்டை கழுத்தில் குளிர்ந்தது. திரையில் கோட்டை வாசல் வந்தது. காவலன் ஒரு கதவைத் திறந்துவிட்டு, மூடியிருந்த மற்றொரு கதவின் முன் நின்றுகொண்டிருந்தான். கீழே ஒரு வரி ஓடியது: பாட்டில் பெயர் உள்ளவர் தம் முடிவைச் சொல்லலாம்.

வடிவம்மை அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. சின்ன வயதில் அவர் ரேடியோவைப் பிரித்துப்போட்டுப் பூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாளே, அதே பார்வை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீக்கு" என்றார்.

திரை யோசித்தது. பிறகு எழுத்துகள் வந்தன. பெனினா அதைப் படிக்கத் தயங்கினாள்.

"என்ன சொல்லுது?"

"அது... மறுபடி சொல்லச் சொல்லுது சார்."

"ஏன்? சத்தம் பத்தலையா?"

"சத்தம் இல்ல." அவள் திரையை மறுபடி பார்த்தாள். "மனம் சேரவில்லைன்னு போட்டிருக்கு."

"நீக்கு!" என்றார் அவர், மின்வாரியக் குரலில். மேசைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் கிணுகிணுத்தது. திரையில் அதே எழுத்து.

"இது பழுது. இணைப்பு லூசா இருக்கும். பட்டையக் கழத்தி மாட்டு."

"ஒத்த மெஷினு நாற்பது வருஷமா நாங்க கண்டுபிடிக்காததக் கண்டுபிடிச்சிட்டே!" என்றாள் செண்பகவல்லி. தாணுலிங்கம் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் பேச்சை நிறுத்திவிட்டு பிளாஸ்க்கின் மூடியைத் திருகத் தொடங்கினாள்.

பெனினா பட்டையைச் சரிசெய்யக் குனிந்த அந்த இடைவெளியில் வடிவம்மை பாட ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் சைகை காட்டவில்லை. 'மீசைமுறுக்கு ஆவுடையாம்' என்று எடுத்து, 'வீராப்பு ஒரு பக்கமாம்' என்பதில் ஒரு சின்னச் சுழிப்பு கொடுத்து, 'பாருங்கடி' என்று முடித்தாள். முடித்ததும் தலையை இடப்பக்கம் சாய்த்து, மோவாயைச் சற்றே உயர்த்தி, புருவத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"இங்கதான் சார் எப்பவும் நின்னுருவாங்க" என்றாள் பெனினா தாழ்ந்த குரலில். "நாலு வரி முடிஞ்சதும் இப்படியே உக்காந்திருப்பாங்க. அடுத்த கதவுக்குப் போக மாட்டாங்க. அதனாலதான் வார்த்தையும் அஞ்சாறுக்கு மேல ஏறல. களைப்புன்னு நினைச்சேன். ஆனா வேற நாட்டுல ஆடுறவங்களும் இதே எடத்துல நிக்காங்க. பாட்டு ஒரு கதவைத்தான் தொறக்குது, இன்னொண்ணு தொறக்கல. கம்பெனியிலயும் காரணம் தெரியல. காவலனப் பாருங்க, காதுல கை வெச்சுக்கிட்டு நிக்கான்."

ஆவுடைநாயகம் பார்த்தார். கல் காவலன் இடது கையைக் காதில் குவித்து, தலையை இடப்பக்கம் சாய்த்திருந்தான். தங்கையைப் பார்த்தார். அதே சாய்வு. நலங்குப் பாயில் மாப்பிள்ளை வீட்டார் வலதுபுறம், பெண்வீட்டார் இடதுபுறம். பாடியவள் பாடி முடித்ததும் எதிரணி இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருக்க வேண்டும். பதில் வரும்முன் அடுத்த பாட்டை எடுப்பது அநாகரிகம். மேலவீட்டில் பிறந்தவள் அந்த அநாகரிகத்தைச் செய்ய மாட்டாள்.

"அது களைப்பு இல்ல" என்றார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே தெரிந்தது.

"பிறகு என்ன சார்?"

"எதிர்ப்பாட்டுக்குக் காத்திருக்கா."

பெனினா ஒன்றும் புரியாமல் விழித்தாள். செண்பகவல்லி கையிலிருந்த மூடியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஆமா" என்றாள் அவள், குரலில் கேலி சுத்தமாகப் போயிருந்தது. "ஆமா, சவத்த, எனக்கு இது தோணலையே. வாக்கப்பட்டு வந்து எங்க வீட்டுப் பாட்டெல்லாம் படிச்சா. ஒவ்வொரு கல்யாணத்துலயும் பாடுவா. இதை மட்டும் வெளியில பாடினதே இல்ல. எதிர்ப்பாட்டு வராத பாட்டு, பாடக்கூடாதும்பா. அவ காத்திருக்கா தாணு! மெஷினு அவ பாட்டப் படிச்சப்ப அவ காத்திருக்கதையும் சேத்துல்லா படிச்சிருக்கு!"

"அப்ப உலகம் பூரா அந்த வாசல்ல நிக்கவங்க..." என்றாள் பெனினா.

"எல்லாரும் மேலவீட்டுப் பதிலுக்குத்தான் நிக்காவ."

அறையில் நாலு பேரும் ஆவுடைநாயகத்தைப் பார்த்தார்கள். ஐந்தாவதாகக் காவலனும் பார்த்தான்.

கல்யாண வீட்டிலிருந்து வெளியேறிய அன்று, தெருவின் பாதியைக் கடக்கும் முன்பே எதிர்ப்பாட்டு அவருக்குத் தோன்றிவிட்டது. நாலு வரியும் தோன்றிவிட்டது. திரும்பிப் போய்ப் பாட முடியாது. நடந்தவர் நடந்தவர்தான். ஆனால் பாட்டு போகவில்லை. மாற்றலாகிப் போன ஊர்களில், ரயிலில், மின்மாற்றிக்கு அடியில் காத்திருக்கும்போது, அதை எடுத்து ஒரு சொல்லை மாற்றி, ஒரு சொல்லைக் கூர்தீட்டி மறுபடி உள்ளே வைப்பார். மனைவிகூட அப்படி ஒன்று இருப்பது தெரியாமலே போய்ச்சேர்ந்தாள். இத்தனை வருஷத்தில் அது பழுதில்லாத பாட்டாக ஆகியிருந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். வேட்டியைச் சரிசெய்தார். முதுகு நாற்காலியைத் தொடாமல்தான் இருந்தது.

கீழவீட்டு மாப்பிள்ளைக்குக் கெட்டிமேளம் தாலாட்டாம்
மணவறையில் கொறட்டை கேட்டு மத்தளமே நின்னுபோச்சாம்
அக்கா வந்து கிள்ளையிலே அரைக்கண்ணத் தொறந்தாராம்
பொண்ணு கழுத்தத் தேடாமப் புரோகிதருக்குக் கட்டப்போனார்!

சுதி என்று எதுவும் அதில் இல்லை. மெட்டு நாலு வரியில் மூன்று இடத்தில் தடம் புரண்டது. ஆனால் 'புரோகிதருக்கு' என்ற இடத்தில் அவர் மீசை ஒரு பக்கமாக ஏறியதைப் பெனினா பார்த்தாள்.

முதலில் வெடித்தது செண்பகவல்லி. "அடப்பாவி மனுசா! நான் கிள்ளினதக் கண்டுட்டியளா! ஒருத்தருக்கும் தெரியாம இடுப்புலல்லா கிள்ளினேன்!"

"அக்கா, நான் தூங்கல" என்றார் தாணுலிங்கம். "புகை. கண்ணை மூடியிருந்தேன்."

"கொறட்டையும் புகையில வந்துச்சோ?" என்று கேட்டார் ஆவுடைநாயகம்.

தாணுலிங்கம் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கண்களையும் துண்டால் துடைத்தார். திரையில் காவலனும் சிரித்துக்கொண்டிருந்தான். கல் குலுங்கியதில் அவன் மீசையிலிருந்து தூசி உதிர்ந்தது. ஆனால் இரண்டாம் கதவு இன்னும் திறக்கவில்லை.

"பதில் சொல்லியாச்சு. இன்னும் என்னவாம்?" என்றார் அவர்.

"ஏசி முடிஞ்சா என்ன வரணும்? அதுவும் மறந்தாச்சா?" என்றாள் செண்பகவல்லி. "வாழ்த்து வரணும்லா. பாடினவ வாழ்த்தி முடிக்கணும்."

"எனக்கு யார் வாழ்த்து கட்டினா?"

செண்பகவல்லி அவரையே பார்த்தாள். "ஏசலும் நான் கட்டல, வாழ்த்தும் நான் கட்டல. ரெண்டையும் கட்டினது பொண்ணு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்ன தெப்பக்குளத்துல வெச்சு எனக்குப் படிச்சுக் குடுத்தா. 'முதல்ல இதப் பாடுங்க மைனி, அண்ணாச்சிக்கு மூஞ்சி செவக்கும், கண்டிப்பா எதிர்ப்பாட்டு எடுப்பான். அப்புறம் இதப் பாடுங்க, அவன் அழுதிருவான்'னு சொன்னா. நீங்க ரெண்டாவதுக்கு இருக்கல."

ஆவுடைநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வடிவம்மை கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். அவள் முறை. முதல் சொல்லில் நாக்கு நின்றது. தாணுலிங்கம் குனிந்தார், பெனினா தொடாதீர்கள் என்று கைகாட்டினாள். வடிவம்மை கண்ணை மூடி, மடியில் விரலால் தாளம் போட்டு, பழைய மெட்டின் முதுகில் ஏறினாள்:

ஓடினாரு ஓடினாரு ஒத்தையில ஓடலையே
தோளுமேலே தங்கச்சியத் தூக்கிவெச்சு ஓடினாரு
தன்காலு கொத்துப்படத் தங்கச்சிகால் மண்படாம
வைக்கப்போரு உச்சியிலே வெச்சவரு வாழியவே!

காவலன் விலகி, குனிந்து வணங்கினான். இரண்டாம் கதவு திறந்தது. உள்ளே ஒரு முழு ஊரே இருந்தது. விளக்குகள், சந்தை, மாடி வீடுகள், ஒவ்வொன்றின் மேலும் காத்திருக்கும் ஒவ்வொரு சொல். பெனினா டேப்லெட்டை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "எல்லாமே புது வார்த்தை சார், எல்லாமே புதுசு" என்று இரண்டு தரம் சொன்னாள்.

ஆவுடைநாயகம் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து வலது கெண்டைக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கழுத்துப் பட்டையை யாரும் அவிழ்க்கவில்லை. அது அவர் நாடியைக் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன கேட்டது என்பது அதற்கும் அவருக்கும் உள்ளது.

"அண்ணாச்சி."

பாட்டு இல்லை. மெட்டு இல்லை. வெறும் பேச்சு. அவர் நிமிர்ந்தார்.

வடிவம்மையின் உதடு கோணியது, நேரானது, மறுபடி முயன்றது. "சாஞ்சு... உக்காரு."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. நாற்பது வருஷமாக எங்கும் சாயாத முதுகு அது.

பிறகு செண்பகவல்லி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலை இரண்டைத் துடைத்து, பாக்கும் சுண்ணாம்பும் வைத்து, பிளாஸ்க் மூடியைத் தட்டாக்கி அதன்மேல் வைத்து நீட்டினாள். "அன்னைக்கு எடுக்காமப் போன தாம்பூலம்."

"ஆஸ்பத்திரிக்குள்ள வெத்தல போடக்கூடாதும்மா" என்றாள் பெனினா.

"போட மாட்டாவ. எடுப்பாவ. எடுக்கதுதான் கணக்கு."

அவர் எடுத்தார். சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "மாப்ள" என்று தாணுலிங்கத்தைக் கூப்பிட்டார். அந்த முறைப்பெயர் அவர் வாயில் வந்தது அதுவே முதல் தடவை. "அந்தக் காப்பி ஆறிருச்சா பாருங்க."

"சார், பாட்டு?" என்று கேட்டாள் பெனினா. "நீக்கணுமான்னு இன்னும் கேட்டுக்கிட்டே நிக்கி."

"மூணு பாட்டும் சேந்துதான் இருக்கணும்னு அதுக்குச் சொல்லு. ஒண்ண மட்டும் தனியாப் பாடுதவனுக்குக் கதவு தொறக்கப்பிடாது."

அப்படியே ஆனது. இப்போது கானக்கோட்டையின் வாசலைத் தனி ஆளாகத் தாண்ட முடியாது. ஏச ஒருவர், பதிலுக்கு ஏச ஒருவர், கடைசியில் மனதார ஒரு வாழ்த்து. இவை மூன்றும் வேண்டும். பேச்சுவார்த்தை விட்டுப்போன எத்தனையோ பேர் அந்த ஒரு வாசலுக்காக ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டதாகப் பெனினா சொல்கிறாள். வடிவம்மை சந்தைத் தெருவைத் தாண்டிவிட்டாள். காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிறாள், மருமகளைத் திட்டுகிறாள், வீட்டில் எல்லாருக்கும் அது பெரிய நிம்மதி. ஆவுடைநாயகம் ஆற்றுக்குத் தெரு வழியாகவே போகிறார். வழியில் ஒரு தம்ளர் காப்பிக்கு நிற்பது உண்டு.

வெளிநாடுகளில் இந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள், மேலவீட்டு ஆவுடையை விரட்டியது இரண்டு ஆள் உயரமும் நெருப்புக் கக்கும் வாயும் உள்ள ஒரு பயங்கர மிருகம் என்று நம்புகிறார்கள். அப்படிச் சிலர் படமும் வரைந்திருக்கிறார்கள். அம்பையிலும் பழைய ஆட்கள் சிலர் அது காளை என்றே இன்னும் சொல்லி வருகிறார்கள். இரண்டும் தவறு. அது வான்கோழி. அவர் முழங்காலுக்கு மேல் வராது.